புகையைப் புதைப்பதற்குப் பிணை யார்?

டென்மார்க் தேசத்து அரசாங்கம், வைக்கோலும் மரச்சீவலும் எரித்து மின்சாரம் ஆக்கும் இரண்டு நிலையங்களின் புகையிலிருந்து ஆண்டொன்றுக்கு 430,000 தொன் காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுத்து, கப்பலேற்றி நோர்வேக்கு அனுப்பி, அங்கே கடலடிப் பாறைக்குள் புதைத்துவிடுவதற்கென்று, 20 ஆண்டுகளுக்குச் சுமார் 8 பில்லியன் குரோனர் மானியம் தருவதாக 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டது. வேளாண்மை வெட்டி முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே கொளுத்திவிட்டு வீடு திரும்பும் நம் பகுதி விவசாயிக்கு, அந்தப் புகைக்கும் விலை வைத்துப் பணம் கொடுக்கும் அரசாங்கம் ஒன்று உலகத்தில் உண்டென்பது வியப்பாகவே இருக்கும்.

இக்காரியத்தில் முன்னோடி நோர்வே. அந்நாட்டின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 தொடக்கம் இவ்வாயு கடலடியிற் செலுத்தப்பட்டு வருகின்றது. பிரெவிக் நகரத்துச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகையைப் பிடித்துப் புதைக்கும் திட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குச் செலவை அரசாங்கமே ஏற்றது. பிரித்தானியாவோ 25 ஆண்டுகளுக்கு 21.7 பில்லியன் பவுண் வரை தருவதாக 2024 ஒக்டோபரில் அறிவித்தது. சீமெந்து விஷயத்தில் இவ்வுபகாரத்தை நான் குறைகூற மாட்டேன். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே காபனீரொட்சைட்டைக் கக்குகின்றமையால், சூளைக்கு எதை விறகாக இட்டாலும் அந்த வாயு வந்தே தீரும். நிலக்கரி மின்நிலையத்தின் கதை வேறு. அங்கே நிலக்கரியையே விட்டுவிட வழியுண்டு.

அப்படியிருந்தும் நிலக்கரியைக் காப்பாற்ற அமெரிக்கர் அரும்பிரயத்தனம் செய்து பார்த்தார்கள். டெக்சாஸ் மாநிலத்துப் பெட்ரா நோவா, அரசாங்கத்திடம் ஏறக்குறைய 190 மில்லியன் டொலர் பெற்று 2017இல் இயங்கத் தொடங்கி, பிடித்த வாயுவைப் பழைய எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்தி எஞ்சிய எண்ணெயைக் கிளப்பிப் பிழைத்து வந்து, 2020இல் எண்ணெய் விலை விழுந்ததும் நின்று, 2023இலேதான் மறுபடி எழுந்தது. மிசிசிப்பியின் கெம்பர் நிலையம் 7 பில்லியன் டொலருக்கு மேல் விழுங்கியபின், 2017இல் நிலக்கரி முயற்சியையே கைவிட்டது. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையிலுள்ள தூத்துக்குடியில், ஓர் இரசாயனத் தொழிற்சாலை தன் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 தொன் வரை பிடித்துச் சலவைச் சோடா ஆக்கும் ஏற்பாட்டை, 2016ஆம் ஆண்டளவில் மானியமின்றியே தொடங்கியது. விற்கத்தக்க சரக்காக மாறும் வாயுவுக்கு வியாபாரியே முதலிடுவான். (அந்தச் சோடா கண்ணாடிச் சூளைக்குப் போகுமாயின் வாயு திரும்பவும் ஆகாயத்துக்குத்தான் போகும் என்பதையும் மறைக்கக்கூடாது.) விலைபோகாமல் புதைக்கவேண்டியதற்குத்தான் பொதுப்பணம் தேவைப்படுகின்றது.

பொதுப்பணம் கொடுக்கட்டும், ஆனால் பிணை நிற்பவர் யார்? இந்தக் கேள்வியின் கனத்தை அறிய நிந்தவூரில் வாழ்வோர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் கண்ட கனவான ஒலுவில் துறைமுகம், அதே டென்மார்க்கின் கடனுதவியைக்கொண்டு நிர்மாணிக்கப்பட்டு, 2013இல் கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதடுப்பு அணை மறித்துக்கொள்ள, தெற்கே மணல் மேடிட்டது. துறைமுக வாயிலிலும் மணல் அடைத்தது. வடக்கே ஒலுவிலின் தென்னந்தோட்டங்களைத் தின்னத் தொடங்கிய கடல், நிந்தவூர்க் கரையையும் விட்டுவைக்கவில்லை. வேர்க்கற்றை வெளியே தெரியச் சாய்ந்த தென்னைகளுக்கும் கொட்டிய கருங்கற்களுக்கும் நடுவே, கரைவலை இழுப்பவர் வரிசையாகக் காலூன்றி நிற்பதற்கான வெண்மணற் பரப்பு மெலிந்துபோயிற்று. வாயிலைத் தோண்டுங்கள் என்றார்கள் வள்ளக்காரர்; தோண்டிய மணலை வடக்கே கொட்டுங்கள் என்றார்கள் கரையோரத்தார்; இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் அம்மணலை ஆண்டாண்டுதோறும் இடம்மாற்றுவது யார் பொறுப்பு, எவர் செலவு, எத்தனை காலத்துக்கு என்று கேட்டுக் கச்சேரிக்கும் திணைக்களத்துக்கும் அமைச்சுக்குமாக அலைந்ததே சனங்களுக்கு மிச்சம்.

மணலாவது கண்ணுக்குத் தெரியும். கடலடித் தரைக்குக் கீழே 2,600 மீற்றர் ஆழத்தில் நோர்வேயார் செலுத்தும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மிசிசிப்பியின் சட்டார்ஷியா என்னும் சிற்றூருக்கு அருகே 2020 பெப்ரவரியில் இவ்வாயுவைக் கொண்டுசெல்லும் குழாய் வெடித்தபோது, பிராணவாயு இன்றி மோட்டார் வண்டிகளின் இயந்திரங்களே நின்றுபோயின. 45 பேர் வைத்தியசாலைக்குச் சென்றார்கள். இத்தகைய விபரீதங்களை உத்தேசித்தே, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், கிணற்றை மூடிய பின்னரும் பொதுவிதியாகக் குறைந்தது 20 ஆண்டுகள் கம்பனியே பொறுப்பு நிற்கவேண்டுமென்றும், அதன்பின் அரசாங்கத்திடம் ஒப்படைக்கும்போது மேலும் 30 ஆண்டுக் கண்காணிப்புக்காவது போதிய பணத்தைக் கையளிக்கவேண்டுமென்றும் விதித்திருக்கின்றது. என் அபிப்பிராயத்தில், மானியத் தொகையைவிட இந்த விதியே கவனத்துக்குரியது.

உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. புதிய நிலக்கரி மின்நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் உலகறியப் பிரதிக்கினை செய்த தேசம், 900 மெகாவாற்று நுரைச்சோலை நிலையத்தின் ஆயுளை நீட்டுவதற்காக இந்த வித்தையைக் கடனுக்கு வாங்குவது வீண். வாயுவைப் புதைத்துத்தான் தீரவேண்டுமென்றால், நாட்டின் கண்டற்காடுகள் அதைச் சேற்றுக்குள் சம்பளமின்றிச் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றை முழுமையாகப் பாதுகாப்பதாக அரசாங்கம் 2015இலேயே ஏற்றுக்கொண்டது. புத்தளம் சீமெந்தின் பொருட்டு யாரேனும் நல்ல யோசனையுடன் வந்தால், பேசலாம். அப்போது அமைச்சரவைப் பத்திரத்தின் முதற் பக்கத்திலேயே, கசிவுக்குப் பொறுப்பு நிற்கும் நிறுவனத்தின் பெயரும், அது வங்கியில் முன்வைப்பாகக் கட்டும் தொகையும், பொறுப்பு முடியும் ஆண்டும் மூன்று மொழிகளிலும் அச்சாகவேண்டும். அதன் பிறகே கடன்தாளில் கையொப்பமிடலாம்.