கருவின் கனிமக் கணக்கு

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக் உலோகங்களுக்குப் பெயர்போன பகுதி. விமானத்துக்கும் ஏவுகணைக்கும் சிறப்பு உலோகக் கலவை செய்யும் ‘மிதானி’ 1973-ல் அங்குதான் தொடங்கப்பட்டது. கலவையில் ஒரு தனிமம் இம்மி பிசகினாலும் பலம் போய்விடும். கருவிலிருக்கும் குழந்தையின் கனிமங்களுக்கும் அப்படியொரு கவனம் தேவை. தாயின் நீரிழிவு அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். நாமோ கர்ப்பகால நீரிழிவு என்றாலே சர்க்கரை அளவோடு பேச்சை முடித்துவிடுகிறோம்.

தாயின் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரோடு மக்னீசியமும் வெளியேறும். அந்தக் குறை குழந்தைக்கும் போய்ச் சேரும். ரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைக்கும் அதன் பாராதைராய்டு சுரப்பி மந்தமாகும். கருவில் இது தெரியாது. தாயின் கால்சியத்தை நஞ்சுக்கொடி வாங்கித் தந்துகொண்டே இருக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் வரத்து நின்றுவிடும். ஈடுகொடுக்க வேண்டிய சுரப்பியோ சுணங்கிக் கிடக்கும். முதல் மூன்று நாட்களுக்குள் சில குழந்தைகளுக்குக் கைகால் வெடவெடக்கும், வலிப்பும் வரலாம். குதிகாலில் குத்தியெடுத்த ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், நடுக்கம் நிற்காது. கால்சியம் ஏற்றியும் அடங்கவில்லை என்றால் மக்னீசியத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரும்பின் கதை வேறு. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடக்கும்; இன்சுலின் கடக்காது. குழந்தை தானே இன்சுலினை அதிகமாகச் சுரக்க, அதன் ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, சிவப்பணுக்கள் பெருகுகின்றன. அவற்றுக்கான இரும்பு ஈரலின் சேமிப்பிலிருந்து போகிறது. நிலைமை முற்றினால் மூளையின் பங்கிலும் கைவைக்கிறது. கொழுகொழுவெனச் சிவந்து பிறந்த குழந்தையிடம் இரும்புக் கையிருப்பு குறைவாக இருக்கலாம்.

சர்க்கரையை ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தினால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். சென்னை மருத்துவர் வி.சேஷய்யாவின் முயற்சியால் தமிழ்நாடு 2007-ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சிகிச்சை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய எளிய சோதனை இது.

அடுத்த படி குழந்தையின் பக்கம். எல்லாக் குழந்தைக்கும் எல்லாச் சோதனையும் வேண்டியதில்லை. தாய்க்குச் சர்க்கரை கட்டுப்படாத குழந்தை, குறைமாதக் குழந்தை, நடுக்கமுள்ள குழந்தை ஆகியோருக்குக் கால்சியம், மக்னீசியம் பார்க்க வேண்டும். தாயின் சர்க்கரை விவரம் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலும் ஏற வேண்டும். மாதங்கள் கழித்துச் சோகையோடு வரும் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர், இரும்புக் குறையின் வேர் கர்ப்பத்திலேயே இருக்கலாம் என்று அந்த ஒரு வரியிலிருந்துதான் யோசிக்க முடியும்.