உலோக அளவும் ஈரல் நலமும்

மண்ணுக்கும் மனித உடலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் உலோகங்கள் உள்ளன. இரண்டுக்கும் அவற்றுட் சில நுண்ணளவில் இன்றியமையாதன. கோவில்பட்டி, பசுவந்தனை வட்டாரத்துக் கரிசல் நிலத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் துத்தநாகம் அறவே இல்லாமலில்லை. எனினும், சுண்ணாம்பும் காரத்தன்மையும் மிகுந்த நிலத்தில் அது பயிரின் வேருக்கு எட்டாதவாறு பிணைந்து கிடக்கிறது. ஆதலால், பற்றாக்குறை காணும் நிலங்களுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுமாறு வேளாண் அறிஞர் பரிந்துரைக்கின்றனர். மண்ணில் இருப்பது வேறு. பயிருக்குக் கிடைப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த கரிசல் உழவர்க்கு, உடலின் உலோக அளவையும் ஈரல் புற்றுநோயையும் இணைத்துச் சொல்லப்படும் செய்திகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது கடினமன்று.

வளர்ந்த ஒருவர் உடலில் இரும்பு 3 முதல் 4 கிராம் வரையும், துத்தநாகம் ஏறத்தாழ 2 கிராமும், செம்பு ஏறத்தாழ 100 மில்லிகிராமும் உள்ளன. இரும்பையும் செம்பையும் சேமித்து வைக்கும் பண்டகசாலை ஈரலே. மிகுதியான செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றுவதும் அதுவே. ஈரல் புற்றுநோயாளர் குருதியில் துத்தநாகம் குறைந்தும் செம்பு மிகுந்தும் காணப்படுவதை ஆய்வாளர் பலர் பதிவு செய்துள்ளனர். இதைக் கேட்டவுடன் துத்தநாக மாத்திரை தேடி மருந்துக்கடைக்கு விரைவது அறிவுடைமை ஆகாது. ஈரல் நலிந்தாலே குருதியில் துத்தநாகம் குறையும். உடலில் அழற்சி தோன்றினாலே செம்பு உயரும். நோயின் விளைவை நோயின் காரணமாகக் கொள்வது, வீட்டை எரித்தது புகையே என்று கூறுவது போன்றதாகும். மேலும், துத்தநாகத்தை அளவின்றி நெடுநாள் உட்கொண்டால் உடலுக்கு வேண்டிய செம்பும் குறைந்துவிடும். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயை அறிவதோடு நில்லாமல் அதன் மூலத்தையும் ஆராயுமாறு மருத்துவனைப் பணிக்கிறது. அப்பணி இன்றும் நம் முன் நிற்கிறது.

அதற்காக, உலோகங்கள் குற்றமற்றவை என்று கூறிவிடவும் இயலாது. உணவிலுள்ள இரும்பை உடல் மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும் பரம்பரை நோய் ஒன்றுண்டு. அதனால் ஈரல் இறுகியவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பன்மடங்கு பெருகுகிறது. தென்னாப்பிரிக்க ஊர்ப்புறங்களில் இரும்புக் கலங்களில் காய்ச்சிய நாட்டு மதுவைப் பருகியோரின் ஈரலில் இரும்பு படிந்து, அவர்களிடையேயும் இந்நோய் மிகுந்தது. நம் நாட்டில், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலைப் பருகிய குழந்தைகள் பலர் ஈரல் இறுகி மாண்டனர். பூனாவில் 1980களில் நடந்த ஆய்வுகள் இத்தொடர்பை வெளிப்படுத்தின. அப்பாத்திரங்கள் பாலுக்குப் பயன்படாமற் போனபின் அந்நோயும் ஏறக்குறைய மறைந்தது. எனினும், செம்பு தேங்கும் வில்சன் நோயில் ஈரல் கெட்டாலும் புற்றுநோய் அரிதாகவே தோன்றுகிறது. ஆகவே, எந்த உலோகம், எவ்வளவு, எவ்வழியே, எத்தனை காலம் என்று வினவாமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

இந்த விவாதத்தில் பெரும் பகைவரை நாம் மறந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. ஈரல் புற்றுநோயின் தலையாய காரணங்கள் ஹெபடைட்டிஸ் பி, சி வைரசுகள், மது, உடற்பருமனோடும் நீரிழிவோடும் வரும் கொழுப்பு ஈரல், பூசண நஞ்சாகிய அப்லாடாக்சின் ஆகியவை. இவற்றுள் கடைசியானது கரிசல் உழவரின் களத்துக்கே உரியது. நன்கு உலராத மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் அப்பூசணம் வளரும். 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப்புறச் சிற்றூர்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தனர். சிறிது சிறிதாக நெடுநாள் உடலிற் சேர்ந்தால் அதுவே புற்றுநோய்க்கு வித்தாகிறது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்க்கு அத்தீங்கு இன்னும் பெரிது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய்க்குப் பேர்போனது கோவில்பட்டி. அவ்வட்டாரத்தில் சொத்தைக் கடலையைப் பொறுக்கி நீக்குவது தரத்துக்கு மட்டுமன்று, உயிருக்கும் காவல்.

காரணத்தைக் களைந்தால் பயன் விளையும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. தைவான் 1984இல் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. சிறாரிடையே ஈரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. சீனாவின் கிடோங் பகுதி மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினர். பின்னர் அங்கும் அந்நோய் தணிந்தது.

எனவே நாம் செய்யத்தக்கவை தெளிவானவை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று குடும்பப் பெரியோர் கேட்க வேண்டும். தானியத்தைக் களத்தில் நன்கு உலர்த்திய பின்னரே சாக்கில் கட்ட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கச் செய்ய வேண்டும். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் ஆகியவற்றைத் தகுதி பெற்ற மருத்துவரிடமன்றி வாங்கலாகாது. வேதியியல் பயிலும் மாணவர் நீரின் அளவுகளைக் கண்டறியட்டும். தமிழ் பயிலும் மாணவர் அவற்றின் பொருளை எளிய தமிழில் ஊராருக்கு எடுத்துரைக்கட்டும். அளவை அறிவது பாதி அறிவு. காரணத்தை அறிந்து களைவதே முழு அறிவு.