கூடவே வந்ததும் தெரிந்துகொண்டதும்



இணையதளங்களைத் திறந்து காண்பிக்கிற மென்பொருளை உலாவி என்கிறோம். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கினால், விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் கூடவே வந்தது. ஜனங்கள் அதைத் தேடித் தெரிந்துகொள்ளவில்லை, இருந்ததை உபயோகித்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்குமேல் அதையே பயன்படுத்திய நாட்களும் உண்டு. போட்டியில்லை என்று கண்ட நிறுவனம் அயர்ந்துவிட்டது. ஆறாம் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. ஏழாம் பதிப்போ 2006-இல்தான் வந்தது.

அதற்குள் 2004-இல் பயர்பாக்ஸ் வந்தது. 2008-இல் குரோமும் வந்தது. ஒரே ஜன்னலில் பல பக்கங்களைத் திறக்கும் வசதியையும் வேகத்தையும் கண்டவர்கள், தாங்களே தேடி அவற்றை நிறுவிக்கொண்டார்கள். 2022 ஜூனில் மைக்ரோசாப்ட் நிறுவனமே எக்ஸ்ப்ளோரருக்கு ஓய்வு கொடுத்தது. மனதாரத் தெரிந்துகொள்ளாத ஒன்றைக் கைவிடுவது எவ்வளவு எளிது!

பிழைப்புக்காக நகரங்களுக்கு வந்த நாம், ஊரிலிருந்து விசுவாசத்தையும் சுமந்து வந்தோம். நம் பிள்ளைகளுக்கோ அது வீட்டோடு கூடவே வந்தது. ஞாயிறுதோறும் நம் அருகில் அமருகிறார்கள் என்பதற்காக நாம் அயர்ந்துவிடலாமா? கல்லூரி விடுதியில், நாம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் அல்லவா உண்மை தெரியும்!

எகிப்தைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகளை யோசுவா சீகேமிலே கூடிவரச் செய்து, யாரைச் சேவிப்பதென்று அவர்களே தீர்மானிக்கும்படி சொன்னான். தன் வீட்டாரின் தீர்மானத்தையும் மறைக்கவில்லை.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் உங்கள் பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதிருங்கள். ஆண்டவரை நீங்கள் ஏன் தெரிந்துகொண்டீர்கள் என்று சாட்சி சொல்லுங்கள். அவர்களும் தாங்களே தெரிந்துகொள்ளக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.