படம் சொல்வதைத் தொழிலாளியிடம் மறைக்காதீர்!

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறி இறங்கும் ஆள், "எனக்கென்ன நோய்?" என்றுதான் கேட்பார். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைத் தறிகளில் நாள் முழுதும் நின்று உழைப்பவரும், கரும்பு வெட்டும் கூலியாளும் அப்படியே நினைக்கிறார்கள். ஆனால் பக்கவாதம் வானத்திலிருந்து விழுவதல்ல. பல வருஷங்களாக உடலுக்குள் சத்தமின்றி அது உருவாகிறது.

அதன் அடையாளங்களில் ஒன்று, ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிவது. அதிக ரத்த அழுத்தமும், சர்க்கரை நோயும், பீடிப் புகையும் குழாய்ச் சுவரைப் புண்ணாக்குகின்றன. அங்கே கொழுப்பு சேர்கிறது. நாளடைவில் சுண்ணாம்பு இறுகுகிறது. கேழ்வரகு தின்பதால் வருவதல்ல இது.

தேடாமலே பல சமயம் இது கண்ணில் படுகிறது. இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில், பெருநாடியின் வளைவில் வெள்ளைக் கோடாகத் தெரியும். புற்றுநோயைக் கண்டுபிடிக்கப் பெண்களுக்கு எடுக்கும் மார்பகப் படத்திலும் தெரியும். மார்பக நாடிகளில் படிவது சற்று வேறு வகை; ஆயினும் அதுவும் எச்சரிக்கையே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், 60 முதல் 79 வயது வரையுள்ள 5,059 பெண்களைச் சுமார் ஆறரை வருஷம் கவனித்தார்கள். அந்தச் சுண்ணாம்பு உள்ளவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் அபாயம் 51 சதவீதம் அதிகம் என்று 2022இல் அறிவித்தார்கள்.

நோயாளிக்கு இதை யார் சொல்வது? காசம் இல்லை, கட்டி இல்லை என்றதும் படம் உறைக்குள் போய்விடுகிறது. சுண்ணாம்பு பற்றி ஒரு வரி எழுதியிருந்தாலும் அது இங்கிலீஷில் கிடக்கிறது. தமிழும் தெலுங்கும் பேசும் இந்த எல்லைச் சீமையில் அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

கோடு தெரிந்தால் பக்கவாதம் நிச்சயம் என்று அர்த்தமல்ல. தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்றும் அர்த்தமல்ல. ஆகவே 'முழு உடல் ஸ்கேன்' வியாபாரத்துக்கு வாரக்கூலியைக் கொட்ட வேண்டாம். முதல் தேவை, கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பதும், ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதும்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது, நல்லதுதான். ஆனால் பகலில் தொழிலாளி வீட்டிலா இருக்கிறார்?

எனவே நாம் கோருவது இதுதான். படத்தில் சுண்ணாம்பு தென்பட்டால் தாய்மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றே அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். தறிக்கூடத்திலும் வயல் வரப்பிலும், கூலி வெட்டின்றிச் சோதனை நடக்க வேண்டும். மாத்திரை ஒரு மாதமும் தடைபடக் கூடாது.

தோழர்களே! உடம்பு நன்றாயிருக்கிறதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பீடியை விடுங்கள். வாய் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால் உடனே 108க்குச் சொல்லுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னே தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். சென்னையோ 80 கிலோமீட்டருக்கு அப்பால். விடியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

படம் தொழிலாளியின் உடம்பைப் பற்றியது. அது சொல்வதை அறியும் உரிமையும் அவருடையதே!