ஆடும் பெண்ணுக்கு மேடை கொடுத்தால் போதுமா? ‘பாலரினா’ படமும் கொங்கு நாட்டு வள்ளி கும்மியும்

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு நல்ல படம் கேட்டால், பலர் கைகாட்டுவது ‘பாலரினா’. 2016-ல் வந்த பிரான்ஸ் - கனடா அனிமேஷன் படம். அமெரிக்காவில் ‘லீப்!’ என்ற பெயரில் வெளியானது. டான்ஸ் ஆட ஆசைப்படும் ஒரு சின்னப் பெண்ணின் கதை. தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு வீட்டில் இந்தப் படத்தைப் போட்டால், முடிந்ததும் புள்ளை கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: “அம்மா, நானும் டான்ஸ் கத்துக்கட்டுமா?” அதற்கு நம் ஊர் என்ன பதில் வைத்திருக்கிறது?

படத்தில் என்ன இருக்கிறது?

கதை நடப்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஈஃபிள் கோபுரம் பாதி எழும்பி நிற்கிறது. பிரிட்டனி பகுதியில் ஒரு அநாதை இல்லத்தில் வளரும் ஃபெலிசி, நண்பன் விக்டரோடு தப்பித்து பாரிஸுக்குப் போகிறாள். வசதியான வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லி, ஓபரா நடனப் பள்ளிக்குள் நுழைந்துவிடுகிறாள்.

அவளுக்கு ஆசை இருக்கிறது, ஆட்டம் தெரியாது. அதைக் கற்றுக்கொடுப்பவர் ஓதெத். ஒருகாலத்தில் ஆடியவர், இப்போது கால் ஊனத்தோடு அங்கேயே தரை துடைக்கும் வேலை பார்க்கிறார். ‘கனவு காண், ஜெயிப்பாய்’ என்று போஸ்டர் சொல்லலாம். ஆனால் படத்தைக் கவனித்துப் பார்த்தால், ஓதெத் இல்லாமல் ஃபெலிசி இல்லை.

படம் காட்டாத பாரிஸ்

பாரிஸ் ஓபரா நடனப் பள்ளி நிஜமானது. 1713-ல், மன்னர் பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கியது. ஃபெலிசியின் காலத்தில் அங்கே ஆடிய சிறுமிகளில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களை ‘குட்டி எலிகள்’ என்றே அழைத்தார்கள்.

ஓவியர் தெகா, அப்படி ஒரு சிறுமியை மாதிரியாக வைத்துச் செய்த மெழுகுச் சிலையை 1881-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். ஓபராவுக்குச் சந்தா கட்டிய பணக்கார ஆண்கள், மேடைக்குப் பின்னால் நடனப் பெண்கள் இருக்கும் கூடம்வரை போக முடிந்தது. மேடை கிடைத்தது, கூடவே அதற்கு ஒரு விலையும் வந்தது. குழந்தைகள் படம் என்பதால் இதெல்லாம் அதில் இல்லை.

நம் பக்கம் எப்படி?

பேரூர் பட்டீஸ்வரர் கோயிலின் கனகசபையில் நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார். அந்த ஊருக்கே ‘மேலைச் சிதம்பரம்’ என்று பெயர். ஆனால் பக்கத்து ஊர்ப் புள்ளை முறையாக ஆட்டம் படிக்க வேண்டும் என்றால், தனியார் வகுப்புக்கு மாதக் கட்டணம், சலங்கை, உடை, கடைசியில் அரங்கேற்றச் செலவு என்று கணக்கு நீளும். அரசு இசைக் கல்லூரி இருப்பது மலுமிச்சம்பட்டியில். மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் தொண்டாமுத்தூரிலிருந்து நகரத்துக்கு வந்து, பிறகு பொள்ளாச்சி சாலையில் தெற்கே போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2021-லிருந்து ஒரு பெரிய உதவி. ஆனால் ஸ்கூல் முடிந்து வரும் பத்து வயதுப் பெண்ணின் சாயங்காலத்தை பஸ் பயணமே தின்றுவிடும்.

இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியது வள்ளி கும்மி. ஊர் மைதானத்தில் சாயங்காலப் பயிற்சி, ஆசிரியரின் பாட்டு, ஒரே நிற உடை, கோயில் முன்னால் அரங்கேற்றம். அம்மாவும் மகளும் ஒரே வரிசையில் ஆடலாம்.

முன்பு இது ஆண்கள் ஆடிய கலை. அந்த வழக்கத்தை மாற்றிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர், மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 87. கொங்கு நாட்டின் ஓதெத் யார் என்று கேட்டால், தாராளமாக அவரைச் சொல்லலாம்.

அப்புறம் என்ன பிரச்சினை?

கூட்டம் சேரும் இடத்துக்கு வேறு கணக்குகளும் வந்து சேரும். வள்ளி கும்மி மேடையில் பெண்களிடம் ‘சொந்த சாதியில்தான் கல்யாணம் செய்வோம்’ என்று உறுதிமொழி வாங்கிய வீடியோ பரவி, பெரிய விவாதமானது.

ஆட வந்த புள்ளையிடம் எதற்கு இந்த உறுதிமொழி? கால் தாளத்தில் விழுகிறதா, கை வரிசை தப்பாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஆசிரியரின் வேலை. அவள் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வேலையில் சேராது. அதைவிட, ஆடப்படும் கதை யாருடையது? தினைப்புனம் காத்த குறமகள் வள்ளி, முருகனைக் காதலித்துக் கைப்பிடித்த கதை. அதை ஆடிவிட்டு அதே மேடையில் இப்படி ஒரு சத்தியம் வாங்குவது, வள்ளியையே மேடையிலிருந்து இறக்கிவிடுவதற்குச் சமம்.

எல்லாக் குழுக்களும் அப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரில் இருக்கும் ஒரே மேடை அதுவாக இருந்தால், ‘வேண்டாம்’ என்று சொல்லும் பெண் ஆட்டத்தையும் சேர்த்தே விட வேண்டிவரும்.

என்ன செய்யலாம்?

மேடையைப் பொதுவான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குச் சட்டமே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 8-ஆம் வகுப்புவரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். கலை என்றால் ஓவியம் மட்டும்தானா? கும்மியும் ஒயிலும் தெரிந்த உள்ளூர்க் கலைஞரை அந்த இடத்தில் ஏன் வைக்கக் கூடாது? அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் கிடைப்பார்.

அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் அது போட்டி. வருஷம் முழுக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால், வெளியே காசு கொடுத்துப் படித்த பிள்ளையே அங்கும் முன்னால் நிற்கும். அதேபோல, பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ சிறுமிகள் ஆடும் நிகழ்ச்சிக்கு அனுமதி தரும்போது, சாதி உறுதிமொழி கூடாது என்று ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

பெற்றோரும் கேட்க வேண்டும். புள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும்போது கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு முடியும் என்று விசாரிக்கிறோம் அல்லவா? மேடையில் அவளை என்ன சொல்ல வைப்பார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம்.