பட்டம் வாங்கியாச்சு... அப்புறம்?

"பட்டம்" என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை வேலை பாருங்கள்! யானையின் நெற்றியில் கட்டுவது பட்டம். அரசனுக்குச் சூட்டுவது பட்டம். பையன்கள் மொட்டைமாடியில் பறக்கவிடுவதும் பட்டம். விவசாயி விதைக்கக் காத்திருக்கும் பருவமும் பட்டம்தான். பல்கலைக்கழகம் தருவது இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது.

"பட்டதாரி" என்ற சொல்லைப் பிரித்தால் பட்டத்தை அணிந்தவர் என்றுதான் வருகிறது. படித்தவர் என்ற பொருள் அதில் எங்கேயும் இல்லை! பத்தாம் வகுப்பு போதும் என்கிற குரூப் 4 தேர்வுக்குப் பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாக விண்ணப்பிக்கும்போது இந்த வித்தியாசம் உறைக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார், கோயிலுக்கு நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக் கொடுத்தவர். சாத்திரங்களைக் கற்றவர் அல்ல என்றுதான் வைணவ மரபு சொல்கிறது. அவர் மதுரைக்குப் போய், பாண்டியன் வல்லபதேவன் சபையில் பண்டிதர்கள் முன் வாதம் செய்து பொற்கிழியை வென்றாராம். மன்னன் கொடுத்த பெயர் "பட்டர்பிரான்". பட்டர் என்பது வேறு சொல், கற்றறிந்தவர் என்று பொருள். தோட்டக்காரருக்கு அந்தப் பெயர்! ஆண்டாளும் திருப்பாவையின் கடைசிப் பாட்டில் தன்னைப் பட்டர்பிரானின் கோதை என்றே சொல்லிக்கொள்கிறாள்.

அதற்காகக் கல்லூரிப் பட்டம் வீண் என்று சொல்லிவிட முடியாது. ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் பார்த்தவரின் மகள் பி.காம். முடித்தால், அங்கி போட்ட அந்தப் போட்டோவுக்கு வீட்டுச் சுவரில் முதல் இடம். "முதல் பட்டதாரி" என்று அரசாங்கமே சான்றிதழ் தருகிறது. 2010 முதல் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் அதை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகையும் கிடைக்கிறது. அந்தப் பெருமை நியாயமானது.

ஆனால் போட்டோவோடு நின்றுவிட்டால் அது வெறும் நெற்றிப்பட்டம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியில் வரும் பட்டம்தான் மாணவர்களுக்குப் பொருத்தம். பருவம் வந்துவிட்டால் மட்டும் விளைந்துவிடாது, விதைக்கவும் வேண்டும். மூன்று வருடம் கணக்குப்பதிவியல் படித்தவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு சின்ன தறிக்கூடத்துக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்கோ ஒரு மாதத்து வரவு செலவை உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பது அங்கே தெரிந்துவிடும். அதை எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாது!