ஒரு கார்டு போடுங்க!



பாய்லர் ஓடும்போது ஆபரேட்டர் என்ன செய்கிறார்? மணிக்கொரு தரம் பிரஷரையும் டெம்பரேச்சரையும் பார்த்து லாக் ஷீட்டில் எழுதுகிறார். எல்லாம் சரியாக இருந்தாலும் எழுதுகிறார். ஏன்? ரீடிங் மெல்ல மெல்ல ஏறுவது வரிசையாக எழுதி வைத்தால்தான் கண்ணில் படும். வெடித்த பிறகு கேஜைப் பார்த்து என்ன புண்ணியம்?

இயந்திரத்துக்கு இவ்வளவு அக்கறை காட்டுகிற நாம், நம்ம தெருவில் இந்த வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறோமா?

எங்கள் வள்ளூரில் மழைக்காலத்தில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் வயிற்றுப்போக்கு. "சாப்பாடு ஒத்துக்கல" என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி முடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா மீஞ்சூரில் ஒரு கிளினிக்குக்குப் போவார். எதிர்வீட்டு அண்ணனுக்குக் கம்பெனி முதலுதவி அறை. கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த வடநாட்டுத் தம்பிகள் ஷெட்டிலேயே சுருண்டு படுப்பார்கள். முடியாதவர்கள் அதோடு வேலைக்கும் போவார்கள். ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போச்சே! இப்படி 5 இடத்தில் மும்மூன்று பேர் என்று வையுங்கள். பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அது வெறும் 3. கூட்டினால் 15! அந்தக் கூட்டலைப் போடுவது யார்?

போட்டுக் காட்டியவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1980-களில், பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லை. அச்சடித்த அஞ்சலட்டை, அவ்வளவுதான்! குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்று என்று சந்தேகம் வந்தாலே போதும், டாக்டர் அதில் எழுதித் தபாலில் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற பேதமில்லை. கார்டு போட்டவர்களுக்கு மாதாமாதம் செய்திமடல் திரும்பி வந்தது. எந்த நோய் எங்கே தலைகாட்டுகிறது என்று அவர்களும் தெரிந்துகொண்டார்கள். பதில் வருகிற இடத்துக்குத்தானே மனுஷன் மறுபடியும் எழுதுவான்? 1998-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த முறை வளரும் நாடுகளுக்கு ஒரு மாதிரியாக எடுத்துவைக்கப்பட்டது.

போலியோவை விரட்டியபோதும் இதே கதைதான். திடீரென்று கை கால் தளர்ந்த குழந்தை ஒன்றுகூட வராத வாரத்திலும் ஆஸ்பத்திரிகள் '0' என்று எழுதி அனுப்ப வேண்டும். காலி இடத்துக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் லாக் ஷீட் எழுதுகிற நமக்குத் தெரியாதா? 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2004-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு சேர்ந்தது. களத்தில் சுகாதாரப் பணியாளர் பார்ப்பது ஒரு படிவம், டாக்டர் சந்தேகிப்பது இன்னொன்று, லேப் உறுதிசெய்வது மூன்றாவது. 2021 முதல் இது இணையத்துக்கு மாறியிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் எந்தப் படிவத்தில் வருவார்? அவரை முதலில் பார்ப்பது நாம்தான்!

இன்னொன்று. எண்ணூரும் திருவொற்றியூரும் ராயபுரமும் சென்னை மாநகராட்சி. வள்ளூர் திருவள்ளூர் மாவட்டம். கிருமிக்கு எல்லைக்கல் தெரியுமா? கும்மிடிப்பூண்டி டிரெயினில் அதுவும் நம்மோடுதான் வருகிறது, பாஸ் இல்லாமல்!

"சொன்னா தெருவோட பேரு கெட்டுடுமே?" என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2020-ல் கொரோனா பரவியபோது ராயபுரம் மண்டலம் சென்னையிலேயே அதிக பாதிப்புள்ள இடமாக இருந்தது. அந்த நாளில் நகரத்தில் நோய் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும் பார்த்தோம். தகரத்துக்குப் பயந்தவன் காய்ச்சலை மறைப்பான். மறைத்த காய்ச்சல் அடுத்த வீட்டுக்குப் போகும். அதே ஆண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டதும், தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டதும்தான் நோயாளிகளைக் கண்டுபிடிக்க உதவின. ஆகவே பெயர் வேண்டாம், சாதி வேண்டாம், வம்பு வேண்டாம். எந்தத் தெரு, எத்தனை பேர், என்றைக்கு ஆரம்பித்தது? இந்த மூன்று போதும்.

நம் யூனியனுக்கு என் வேண்டுகோள் இதுதான். வகுப்புக்கு ஒருவர், ஒரு நோட்டு. ஒரே தெருவிலோ ஒரே ஹாஸ்டலிலோ ஒரே வாரத்தில் 3 பேருக்கு ஒரே மாதிரி காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், அன்றே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்ல வேண்டும். போக முடியாவிட்டால் 104-க்கு ஒரு போன். யாருக்கும் இல்லையென்றால் '0' என்று எழுத வேண்டும். சொன்னதற்கு என்ன நடந்தது என்று கேட்டு வந்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

நாளைக்கு நாம் சூப்பர்வைசராகப் போகிற இடத்திலும் இந்தப் பழக்கம் கூட வரட்டும். காய்ச்சல் என்று சொன்ன தொழிலாளியின் கூலியை வெட்டாமல் இருப்பதும் நோய்க் கண்காணிப்புதான்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்காமல் இருப்போம். நோட்டை எடுங்கள் நண்பர்களே!